ஜெபமாலையின் நெஞ்சுச் சத்தம்

போன மாதம் எனக்கு எக்கோ எடுத்தார்கள். எடுத்தது ஒரு சின்னப் பெண். குளிர்ந்த பசையை மார்பில் தடவி, சோப்புக் கட்டி அளவுள்ள கருவி ஒன்றை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தினாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. என் இருதயம்தானாம், சொன்னதால் நம்பினேன். பிறகு ஒரு பித்தானைத் தட்டினாள். பெட்டிக்குள்ளிருந்து சத்தம் கிளம்பி அறை முழுக்க நிறைந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடித்து, உதறி, மறுபடி அடிப்பது போன்ற சத்தம்.

அந்த அறையில் எந்த வாடையும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஆஸ்பத்திரி என்றால் வாடைதான் முதலில். பினாயில், அதற்கு மேல் ஸ்பிரிட், ஜன்னலைத் திறந்தால் நிலக்கரிப் புகை, காற்று திரும்பினால் கருவாடு. இந்த நான்கும் ஒன்றாகக் கலந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், ராயபுரம், சனிக்கிழமை, மாலை நாலு மணி என்று.

ஐம்பதுகளின் தொடக்கம். டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு தமிழ்த் தினசரியில் இளநிலை நிருபர். இளநிலை என்றால் கூட்டங்களுக்குப் போவது. அரசியல் கூட்டங்களுக்கு மூத்தவர்கள் போவார்கள், மிஞ்சியவை எனக்கு. ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட சனிக்கிழமைச் சொற்பொழிவு அப்படி மிஞ்சியதுதான். வைத்தியம் படித்து முடித்துப் பத்து இருபது வருஷம் ஆனவர்கள், புதிதாக வந்தவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பழையதை மறக்காமல் இருக்கவும் வாரம் ஒரு முறை மாணவர்களாக உட்கார்ந்தார்கள். எங்கள் செய்தி ஆசிரியர் என்னை அனுப்பும்போதே எச்சரித்தார்:

“அவங்க சொல்றதை அப்படியே போட்டுடாதேய்யா. படிக்கிறவனுக்கெல்லாம் அந்த வியாதி வந்துடும்.”

படிக்கிறவர்களுக்கு வந்ததோ இல்லையோ, எனக்கு வந்தது. சிறுநீரகக் கல் பற்றிப் பேசிய வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டிராம் ஏறினேன். மஞ்சள் காமாலை பற்றிப் பேசிய வாரம் கண்ணாடியில் கண்ணின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு வராத நோய் பிரசவம் ஒன்றுதான்.

கூட்டம் நடந்தது எக்ஸ்ரே அறையை ஒட்டிய நீளமான கூடத்தில். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி உண்டு. புத்தகத்துப் படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டும் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். அதன் விளக்கு அடுப்பு மாதிரி கொதிக்கும். பேசுகிறவர் ஒரே படத்தில் அதிக நேரம் நின்றுவிட்டால் பக்கம் பொசுங்கும் வாடை வரும். “டாக்டர், நுரையீரல் தீயுது” என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். உடனே பக்கத்தைத் திருப்புவார். நேரம் முடிந்ததென்று மணியடிப்பதைவிட இது நாகரிகமான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது.

வருகிறவர்களை வாடையை வைத்தே சொல்லலாம். திருவொற்றியூர் தீப்பெட்டித் தொழிற்சாலை டாக்டரிடம் கந்தக நெடி லேசாக இருக்கும். நெற்றியில் பளிச்சென்று நாமம் போட்டிருப்பார். துறைமுகத்து டாக்டர் கப்பலிலிருந்து நேராக வருவார். கயிறும் தாரும் மணக்கும். எண்ணூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர் சட்டையில் உப்புப் பூத்திருக்கும். இவர்களையெல்லாம் கூட்டிச் சேர்த்தவர் அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் சற்குணம். ஒல்லியானவர், நடந்தால் ஓடுவதுபோல் இருக்கும். காபிக்கும் பட்டர் பன்னுக்கும் சொல்லிவைப்பதிலிருந்து கறுப்புத் துணியை இழுத்து மூடுவதுவரை அவரே.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வருவார். புரொபசர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். படம், கருவி எதுவும் அவருக்கு வேண்டாம். நோயாளி வேண்டும். டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்து நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். கேட்டதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது. கேட்ட சத்தத்தை வாயால் சொல்லிக்கொண்டே போய் இடத்தில் உட்கார வேண்டும். அவருடைய சட்டம் அது. “காது மறந்துடும். வாய் மறக்காது” என்பார். ஆகவே, கழுத்துப்பட்டை கட்டிய பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு, உதடு துடிக்க, முணுமுணுத்தபடி கூடத்தின் குறுக்கே நடந்து போவதை நான் மாதாமாதம் பார்த்தேன். சிரிப்பை அடக்க முதலில் சிரமப்பட்டேன். பிறகு பழகிவிட்டது.

அந்த மாதம் இருதய வால்வு சுருங்கும் நோய் பற்றிப் பேச்சு. நிகழ்ச்சிக் குறிப்பு வாங்க வியாழக்கிழமை போனபோது சற்குணம் என்னை வார்டுக்கு அழைத்துப் போனார். அங்கேதான் ஜெபமாலையைப் பார்த்தேன்.

நாற்பது வயதிருக்கும். ராயபுரம் ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். மூச்சு வாங்கியதால் தண்டவாளம் மாற்றும் நெம்புகோலை இழுக்கும் வேலையிலிருந்து விடுவித்து, சிக்னல் விளக்குகளைத் துடைத்துத் திரி போடும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சட்டையையும் மீறி அவரிடம் மண்ணெண்ணெய் மணந்தது. முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். என்னைப் பத்திரிகைக்காரன் என்று சற்குணம் சொன்னதும் நிமிர்ந்தார்.

“எழுதிக்க நைனா. என் நெஞ்சுல வர்ற சத்தம் மாரி இந்தப் பட்ணத்துலயே கெடையாதாம். டாக்டருங்களே சொல்றாங்கோ.”

பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது: “ஆமா, பெரிய பாட்டுக்காரரு. ராத்திரில இருமறது நாங்கல்ல கேக்கறோம்.”

ஜெபமாலை சொன்னது உண்மைதான். அவ்வளவு துல்லியமான சத்தம் அபூர்வம் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். “நல்ல சத்தம்” என்பார்கள், நல்ல மாம்பழம் என்பதுபோல. அந்த நல்ல சத்தத்துக்கு அப்போது நம் ஊரில் சிகிச்சை இல்லை. நீரைக் குறைக்க ஊசி, துடிப்பை அடக்க மாத்திரை, படுக்கை. அவ்வளவுதான்.

சற்குணத்துக்கும் அவருக்கும் அன்று ஒரு வழக்கு இருந்தது. சனிக்கிழமை காலை ஜெபமாலையின் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம்.

“படுக்கையை விட்டு இறங்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” என்றார் சற்குணம்.

“பொண்ண யாரு கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிகினு போறது? நீங்க வர்றீங்களா?”

“அன்னைக்குத்தான் புரொபசர் வர்றார்.”

“வர்ட்டுமே. அவருக்கு சாயங்காலம் நாலு மணி. எனக்குக் காலைல பூசை. ரெண்டுக்கும் நடுவுல எத்தினி டிராம் போவுது!”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். விஷயம் அதுவல்ல. மாப்பிள்ளை திருவொற்றியூர்ப் பையன். அவன் வீட்டாருக்கு ஜெபமாலை ஆஸ்பத்திரியில் கிடப்பது தெரியாது. ரயில்வே வேலையாக வெளியூர் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

“அப்பனுக்கு நெஞ்சு வீக்குன்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் அப்டித்தான்னு சொல்வாங்கோ சார். கட்டினப்புறம் திருப்பி அனுப்ப மாட்டாங்கோ. ஆனா அது மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாக்கூட சொல்லிக் காட்டுவாங்கோ, காலம் பூரா. நான் நின்னு காட்டணும். ஒரு நாளு.”

சற்குணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், நடக்கக் கூடாது, ரிக்‌ஷாவில்தான் போக வேண்டும் என்ற நிபந்தனைகளோடு விட்டார். மனிதாபிமானம் பாதி, பிடித்து வைத்தால் சுவரேறிக் குதித்தாவது போவார் என்ற பயம் பாதி.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. புரொபசர் வந்துவிட்டார். நோயாளி உட்காரும் ஸ்டூல் முன்னால் காலியாக இருந்தது. சற்குணம் வாசலுக்கும் ஸ்டூலுக்குமாக நடந்தார். நாலரை மணிக்கு ஜெபமாலையின் விளக்கறைத் தோழர் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் கல்யாண வீட்டு வாழைப்பழம்.

“ஜெபமால வரல டாக்டரே. மாப்ள வூட்டுக்காரங்கோ இன்னும் குந்திகினு கீறாங்கோ. அவங்க கெளம்பாம இவரு எப்டி கெளம்பறது? மூஞ்சி வெளுத்துப் போய்க் கீது. அத உங்களாண்ட சொல்லச் சொல்லல. நானா சொல்றேன்.”

சற்குணம் புரொபசரிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது என்பது உட்பட. புரொபசர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார்.

“அவர் வர முடியாட்டா நாம போவோம். எல்லாருக்கும் கல்யாணத்துக்கு அழைப்பு. ஸ்டெதஸ்கோப்பை உள்ளே வெச்சுக்கோங்கோ. வெளியே தெரியக் கூடாது.”

நான் பார்த்த ஊர்வலங்களில் அதைப்போல் ஒன்றைப் பார்த்ததில்லை. இருபதுக்குக் குறையாத டாக்டர்கள், கால்சட்டைப் பை புடைக்க, ரப்பர்க் குழாய் நழுவாமல் கையால் அழுத்திக்கொண்டு, ராயபுரத்துச் சந்து வழியே போனார்கள். சற்குணம் மருந்துப் பையோடு முன்னால் ஓடினார். சந்தில் மீன்கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா நைனா, இத்தினி டாக்டரு? காலராவா?”

“கல்யாணம்மா” என்றார் துறைமுகத்து டாக்டர்.

“டாக்டருக்கா? அதான் மொத்தக் கூட்டமும் பேஜாரா போவுதா!”

பந்தலில் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. ஜெபமாலை கடன் வாங்கிய கறுப்புக் கோட்டில், மாப்பிள்ளையின் மாமா பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் போயிற்று. அவர் மனைவி ரோசம்மாள் சற்குணத்தை வழிமறித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “கல்யாண வூட்ல வந்து மானத்த வாங்கினு போவாதீங்க டாக்டரே. உங்க காலுல விழறேன்.”

புரொபசர் அவளைத் தாண்டிப் போய் ஜெபமாலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மிஸ்டர் ஜெபமாலை, லேட்டா வந்துட்டோம். மன்னிக்கணும்” என்றார் உரக்க. பிறகு மாமாவைப் பார்த்து, “ரொம்ப நாள் பழக்கம்” என்றார்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு இத்தனை டாக்டர்கள் வருவார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. “சொல்லவே இல்லியே சம்பந்தி!” என்று ஜெபமாலையின் முதுகில் தட்டினார். ஜெபமாலை சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது.

பரிசுகளைப் பார்க்க வரச் சொல்லி ரோசம்மாளே எங்களை உள்ளறைக்கு அழைத்தாள். நிலைமையை அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவள் அவள்தான். சின்ன அறை. சீதனப் பெட்டி, குத்துவிளக்கு, மாதா படம், கட்டில். ஜெபமாலையின் கோட்டைக் கழற்றி, தலையணை அடுக்கி, இடது பக்கம் ஒருக்களிக்க வைத்தார்கள். சற்குணம் முதலில் ஊசியைப் போட்டார்.

ஆனால் பேண்டு. அந்தச் சத்தம் கீழ் ஸ்தாயியில் உருளும் சத்தம். காதுக்குள் அமைதி இருந்தால்தான் பிடிபடும். வெளியே டிரம் அடித்தால் ஜெபமாலையின் நெஞ்சில் டிரம்தான் கேட்டது. சற்குணம் வெளியே ஓடி, பேண்டுக்காரர்களை முதலில் சாப்பிட உட்காரச் சொன்னார். வாத்தியம் நின்றது. சந்தே மூச்சைப் பிடித்ததுபோல் இருந்தது.

ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்கள். கடைசியில் புரொபசர் தம்முடைய குழாயை என்னிடம் நீட்டினார். “நிருபர்வாள், நீங்களும் கேளுங்கோ. எழுதறதுக்கு இல்லே.”

முதலில் என் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. பிறகு அது வந்தது. கதவை அறைந்து சாத்தியதுபோல் ஒரு பூட். அடுத்து ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ட-டா. அதன்பின் வெகு தூரத்தில், யார்டில் கூட்ஸ் வண்டி உருள்வதுபோல் ர்ரூ என்று ஆரம்பித்து, ஏறி, ஏறி, மறுபடி பூட் என்று முட்டியது. “பூட், ட-டா, ர்ரூ” என்று சொன்னேன். “அந்த ர்ரூ கடைசியில் ஏறணும். நீங்கள் விழ விடறேள்” என்று திருத்தினார். மறுபடி சொன்னேன். தலையசைத்தார்.

ஜெபமாலை கட்டிலிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தினி பேரு கேட்டீங்களே சார். இன்னா சொல்லுது?”

புரொபசர் ஜெபமாலையை உட்கார வைத்து, சட்டைப் பித்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக மாட்டினார். கழுத்துப் பித்தான் இறுக்கமாக இருந்தது. அதைத் திறந்தே விட்டார்.

“எனக்கு அதைக் கேட்கத் தெரியறது ஜெபமாலை. சரி பண்ணத் தெரியலை.”

“அத்த உடு சார்” என்றார் ஜெபமாலை. “பந்தில குந்துங்க. பிரியாணி ஆறிடப் போவுது.”

வெளியே வந்தபோதுதான் ஆபத்து தெரிந்தது. ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்த டாக்டர்கள் இலைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாதக் கணக்கில் ஊறிய பழக்கம். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். எல்லார் உதடும் அசைந்துகொண்டிருந்தது. பூட், ட-டா, ர்ரூ. சிலர் விரலால் மேசையில் தட்டவும் செய்தார்கள். மாப்பிள்ளையின் மாமா இதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தார். சற்குணம் உறைந்து நின்றார். ரோசம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாமா கையை உயர்த்தித் தம் வீட்டாரை அதட்டினார்:

“ஏய், சும்மா இருங்கடா! பெரியவங்க சாப்பாட்டுக்கு ஜெபம் சொல்லிகினு இருக்காங்க. எழுந்திரு, எல்லாரும் எழுந்திரு.”

பந்தல் முழுக்க எழுந்து கைகூப்பியது. தீப்பெட்டித் தொழிற்சாலை டாக்டரின் நாமத்தை மாமா உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“பாத்தியா தம்பி, நாமம் போட்டவருகூட நம்ம ஜெபத்த மனப்பாடமா சொல்றாரு. லத்தீனு போலக் கீது.”

“ஆமாங்க” என்றேன். உண்மையைப் பத்திரிகையில்தான் எழுத வேண்டும், பந்தலில் அவசியமில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

டாக்டர்கள் கண்ணைத் திறந்தபோது ஊரே தங்கள் முன் கைகூப்பி நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். சமயம் பார்த்து, “ஆமென்” என்றார் சற்குணம். “ஆமென்” என்றது பந்தல். நாமக்காரர் பழமும் பாயசமும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணோடு கிளம்பும்வரை ஜெபமாலை நின்றார். நின்றே வழியனுப்பினார். ஸ்டெல்லா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஜட்கா ஏறினாள். வண்டி முனை திரும்பியதும் சற்குணமும் துறைமுகத்து டாக்டரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். அதுவரை இருவரும் அவர் பின்னாலேயே, தொடாமல், கையை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

மறுநாள் எங்கள் தாளில் ஆறாம் பக்கத்தில் செய்தி வந்தது: ராயபுரத்தில் மருத்துவர்களுக்கு இருதய நோய் பற்றிச் சொற்பொழிவு நடைபெற்றது, திரளானோர் கலந்துகொண்டனர். திரளானோர் என்ற சொல்லைச் செய்தி ஆசிரியர் அடிக்கப் போனார். “கை வைக்காதீங்க சார், அது மட்டும் உண்மை” என்று காப்பாற்றினேன்.

ஜெபமாலை இன்னும் சில சனிக்கிழமைகள் அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டில் இதுவரை யாரும் எதுவும் சொல்லிக் காட்டவில்லை என்று பெருமையாகச் சொல்வார். பிறகு ஒரு மழைக்காலத்தில் ஸ்டூல் காலியாயிற்று.

சில வருஷம் கழித்து, டிராம் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்ட பிறகு, அதே கூடத்தில் ஓர் இளம் சர்ஜன் பேச வந்தார். இருதயத்துக்குள் விரலை விட்டுச் சுருங்கிய வால்வைத் திறக்கிறார்கள், நம் பக்கத்திலேயே செய்கிறார்கள் என்றார். சுவரில் படம் காட்டினார். ஒரே படத்தில் வெகு நேரம் நின்றார். பொசுங்கும் வாடை வந்தது. யாரும் கேலி செய்யவில்லை. விளக்கை அணைத்ததும் இருட்டில் யாரோ மெல்ல ஆரம்பித்தார்கள். பூட், ட-டா, ர்ரூ. இன்னொருவர் சேர்ந்துகொண்டார். பிறகு பலர். சற்குணம் கறுப்புத் துணியை விலக்கி வெளிச்சத்தை விட்டபோது எல்லாரும் அவரவர் காபி டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சர்ஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

அந்தக் கூடம் இப்போது இல்லை; அந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. விளக்கறை இல்லை, அதில் துடைக்க விளக்குகளும் இல்லை. டாக்டர்களின் சொற்பொழிவுகள் இன்னும் நடக்கின்றன, நட்சத்திர ஓட்டலில், குளிர்சாதன அறையில். டாக்டராக இருக்கும் என் அண்ணன் பேரன் ஒருமுறை அழைத்துப் போனான். நல்ல பேச்சு, தெளிவான படங்கள், எதுவும் பொசுங்கவில்லை. நோயாளி என்று யாரும் அறைக்குள் வரவில்லை. சிகிச்சை எல்லாவற்றுக்கும் இருந்தது. ஜெபமாலை இன்று இருந்தால் பிழைத்திருப்பார் என்பதை நான் அறிவேன். இருந்தும் அந்தக் குளிரில், முணுமுணுத்தபடி நடந்துபோகும் ஒருவரையாவது என் கண் தேடியது.

எக்கோ எடுத்த பெண் கருவியை நெஞ்சில் நகர்த்திக்கொண்டே இருந்தாள். என்னையறியாமல் என் உதடு அசைந்திருக்க வேண்டும்.

“என்ன தாத்தா, பிரேயர் பண்றீங்களா?” என்றாள். “பயப்படாதீங்க. வலிக்காது.”

“ஆமாம்மா” என்றேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டாள். நான் மறுபடி ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். கடைசி ர்ரூ சரியாக ஏறியதா, விழுந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. திருத்துவதற்கு அவர்களில் யாரும் இப்போது இல்லை.